அலியார் சேர் பிரித்து வைத்த வீடுகள்

கல்முனையில் கணக்குப் படிப்பித்தவர்களில் பாதிப் பேருக்கு அலியார் சேரைப் பிடிக்காது. அந்தப் பாதியில் சில காலம் நானும் இருந்தேன். ஒரே பாடசாலையில் அவர் மேல் வகுப்புகளுக்கும் நான் கீழ் வகுப்புகளுக்குமாக வருஷக்கணக்கில் படிப்பித்தோம். நான் பக்கத்துத் தமிழ் ஊர் காரைதீவுக்காரி, பெயர் கலாராணி. ஆசிரியர் அறையில் கலா டீச்சர். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். அலியார் சேருக்குப் பேச்சுக் குறைவு, பிடிவாதம் அதிகம். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போக நாளெடுத்தது.

அந்தப் பிடிவாதம் எப்படிப்பட்டது என்பதற்கு நிகழ்தகவுப் பாடத்தைச் சொல்லலாம். 'கோடாத இரண்டு தாயக்கட்டைகளை ஒருங்கே எறியும்போது' என்று பாடப்புத்தகத்தில் ஒரு கணக்குத் தொடங்கும். கோடாத என்றால் எந்தப் பக்கமும் சாயாத. நாங்களெல்லாம் கரும்பலகையில் ஒரு கட்டத்தைக் கீறிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அவர் மரவேலைக்காரரிடம் சொல்லி மூன்று கட்டைகளை வெட்டுவித்து, எல்லாப் பக்கமும் சமனாகும்வரை தேய்த்து, ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்குப் பச்சையும் ஒன்றுக்கு நீலமும் பூசிக்கொண்டு வந்தார். முகங்களில் ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கம் எழுதியிருந்தது.

நிறம் எதற்கு என்று கேட்டேன். பிள்ளைகள் விடும் பிழை ஒன்று இருக்கிறது என்றார். இரண்டு கட்டைகளை எறிந்து கூட்டுத்தொகை ஏழு வருவதற்கு எத்தனை வழி என்று கேட்டால், ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் என்று மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். உண்மையில் ஆறு வழி. சிவப்பில் இரண்டும் பச்சையில் ஐந்தும் விழுவது ஒன்று, சிவப்பில் ஐந்தும் பச்சையில் இரண்டும் விழுவது இன்னொன்று. நிறம் பூசிவிட்டால் இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரியும். முப்பத்தாறில் மூன்றா ஆறா என்று அவருடைய வகுப்பில் படித்த எவரும் பிறகு தடுமாறியதில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

தாயக்கட்டை என்றால் சூது, சூது ஹராம் என்று சில பெற்றோர் பள்ளிவாசலில் போய் முறையிட்டார்கள். நம்பிக்கையாளர் சபை அவரைக் கூப்பிட்டது. போய், கட்டைகளை மேசையில் வைத்து, இதில் எவரும் எதையும் பந்தயம் வைப்பதில்லை, என்ன விழக்கூடும் என்று பார்ப்பதோடு சரி என்றாராம். சபையில் இருந்த வயதான ஹாஜியார் ஒருவர் ஒரு கட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். ஆறு விழுந்தது. மறுபடி உருட்டினார், மறுபடி ஆறு. மூன்றாம் தரமும் விழுமா என்று அவர் கேட்க, கட்டைக்கு ஞாபகம் கிடையாது, எப்போதும் ஆறில் ஒன்றுதான் என்று பதில் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எவரும் முறையிடவில்லை.

அவருடைய மனைவி செய்னம்பு நன்றாகச் சிரிப்பவர், நன்றாகச் சமைப்பவர், கணவருக்குச் சற்றும் பயப்படாதவர். மூன்று மகள்கள். மூத்தவள் றுகையா, நடுவில் சித்தி லைலா, கடைக்குட்டி ஹிதாயா.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். முஸ்லிம் ஊர்களிலும் அப்படி, எங்கள் ஊர்களிலும் அப்படி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வேலியடைத்த தாயின் வளவுக்குள்ளேயே மூத்தவளுக்கு ஒரு வீடு கட்டுவார்கள், அடுத்தவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று, தாய் இருந்த வீடு கடைசியாக ஒரு மகளுக்குப் போகும். சகோதரிகள் வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்கிக்கொண்டு, ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி குளிப்பாட்டிவிட்டுக்கொண்டு அங்கேயே வயதாவார்கள். செய்னம்புவின் வளவு மெயின் றோட்டுக்கு மேற்கே, வயல் வட்டைக்குக் கிட்ட இருந்தது. மூன்று வீடு தாராளமாகக் கட்டலாம். எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது வரை அவர் மனதில் முடிவாகியிருந்தது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்தது. வடக்கே ஓர் ஊரில் செய்னம்புவின் சாச்சி, தாயின் தங்கை, தன் நான்கு மகள்மாரோடும் ஒரே வளவில் இருந்தார். ஆயுதத்தோடு துவக்குக்காரர் அந்த வளவுக்குள் புகுந்து வெளியேறியபோது, அந்தக் குடும்பத்தில் அழுவதற்குக்கூட ஒரு பெண் மிஞ்சவில்லை. எந்தத் துவக்கு என்று நான் எழுதப்போவதில்லை. அதே வருஷம் எங்கள் தமிழ்ப் பக்கத்திலும் வளவுகள் வெறுமையாயின. அவை வேறு துவக்குகள். பல மாதம் நான் பாடசாலைக்குப் போகவில்லை. அலியார் சேர் எனக்குப் பயந்திருப்பார், நான் அவருக்குப் பயந்தேன். பிறகு ஒரு நாள் பரீட்சைத் தாள்கட்டைத் திருத்தக் கொண்டுவந்து காரைதீவு எல்லையில் நின்றபடி ஆளனுப்பினார். நான் போய் வாங்கினேன். பயத்தை முடித்து வைத்தது அதுதான்.

ஜனாஸாக்களை அடக்கிவிட்டு வந்த நாளிலிருந்து அலியார் சேர் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வளவு என்பது ஒரு கட்டை. அதில் எத்தனை வீடு இருந்தாலும் ஒரே எறிதல். தன் மகள்மாருக்கு அப்படி வேண்டாம் என்று தீர்மானித்தார். மருதமுனையில் ஒரு வளவு, சாய்ந்தமருதில் ஒரு வளவு, நிந்தவூரில் ஒரு வளவு என்று மூன்று ஊர்களில் தேடினார். மூன்றையும் கடற்கரைப் பக்கமாகவே பார்த்தார். அந்த நாட்களில் ஆபத்து வயல் பக்கத்திலிருந்துதான் வரும். மேற்கே காடு, காட்டிலிருந்து வயல், வயலிலிருந்து ஊர். சத்தம் கேட்டால் வயலோரத்து ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள். கடல் எங்கள் முதுகுச் சுவர். அந்தப் பக்கமாக எங்களுக்கு ஏதும் வரும் என்று எங்களில் எவரும் நினைத்ததில்லை.

றுகையாவின் வீட்டுக்கு அத்திவாரம் போடுவதற்கு முதல் வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் பேச்சில்லை. செய்னம்பு எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, நீங்களும் கணக்குத்தானே டீச்சர், இந்த மனிசனுக்கு ஒரு நாயம் செல்லுங்க என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அலியார் சேர் உள்ளே போய் மூன்று கட்டைகளையும் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு வளவுக்குள்ள எண்டா ஒரு கட்டை. ஆறு விழுந்தா மூண்டு புள்ளயும் போகும். ஆறுல ஒண்டு. மூண்டு ஊர்ல எண்டா மூண்டு கட்டை. மூண்டுலயும் ஆறு விழ இருநூத்திப் பதினாறுல ஒண்டு."

செய்னம்பு கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் தாய்.

"ஏதாச்சும் ஒரு கட்டையில ஆறு விழ எவ்வளவு? அதச் செல்லுங்க."

அலியார் சேர் பச்சைக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத கணக்கல்ல. எனக்கும் தெரியும், எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு கட்டையில் ஆறு விழாமலிருக்க ஆறில் ஐந்து. மூன்றிலும் விழாமலிருக்க அதை மூன்று தரம் பெருக்க வேண்டும், இருநூற்றுப் பதினாறில் நூற்றிருபத்தைந்து. மீதித் தொண்ணூற்றொன்றில் ஒரு கட்டையிலாவது ஆறு விழுந்திருக்கும். நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்று சொன்னேன்.

"அப்ப என்ட புள்ளைகள்ல ஒண்டு போறது கூடுது" என்றார் செய்னம்பு.

"எல்லாரும் போறது குறையிது."

"ஒண்டு போனாலே எனக்கு எல்லாம் போனதுதான்."

இரண்டு பேரும் சொன்னது சரி. நான் வீட்டுக்குப் போய்த் தாளில் போட்டும் பார்த்தேன். மூன்றையும் ஒன்றாக வைத்தாலும் பிரித்து வைத்தாலும், இழக்கக்கூடியதன் சராசரி ஒன்றுதான், அரைப் பிள்ளை. அரைப் பிள்ளை என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். கணக்கில் வித்தியாசம் இல்லை, பயத்தில்தான் வித்தியாசம். அவர் எல்லோரையும் இழப்பதற்குப் பயந்தார், செய்னம்பு ஒருத்தியை இழப்பதற்குப் பயந்தார். எது பெரிய பயம் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

வீட்டை நடத்தியது செய்னம்பு, ஆனால் வளவு வாங்கியது அவர். ஆகவே அவர் சொன்னபடி நடந்தது. றுகையா சாய்ந்தமருதுக்குப் போனாள். சித்தி லைலா மருதமுனைக்குப் போனாள், அவளுடைய மாப்பிள்ளை தறி நெய்கிறவர். எல்லோருக்கும் கடைசியாக ஹிதாயா நிந்தவூருக்குப் போனாள். செய்னம்பு முதலில் சபித்தார், பிறகு பஸ் ஏறப் பழகினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மகள் வீடு என்று முறை வைத்து, மடியில் கறிச்சட்டியோடு அந்தக் கடற்கரைச் சாலையில் மேலும் கீழுமாகப் போய்வந்தார். வேலிக்கு மேலால் கொடுக்க வேண்டிய கறியை பஸ்ஸில் கொண்டுபோக வைத்துவிட்டாரே என்று அலியார் சேரை நான் ஏசியிருக்கிறேன். அவர் சிரிப்பார். ஒவ்வொரு சண்டை நிறுத்தமும் முறிந்தபோதும், வயல் பக்கத்தில் ஒவ்வொரு முறை வெடி கேட்டபோதும், மூன்று ஊர்களிலும் மூன்று பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்கள் என்று அவருக்குத் தைரியமாக இருந்தது. தன் கணக்கு வேலை செய்கிறது என்றே நம்பினார். இவ்வளவு தூரம் யோசித்த தகப்பன் அந்த ஊர்களில் வேறு எவனும் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ரெண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் வந்த அந்த ஞாயிறு, செய்னம்புவின் முறை சாய்ந்தமருதுக்கு. விடியவே போய்விட்டார். அலியார் சேர் சம்மாந்துறையில் தனியார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார், கடலிலிருந்து வெகுதூரம். சாய்ந்தமருதில் றுகையா, அவள் மாப்பிள்ளை, பிள்ளைகள், செய்னம்பு எல்லோரும் ஒரே வீட்டில் போனார்கள். நிந்தவூரில் ஹிதாயாவும் மாப்பிள்ளையும் போனார்கள். ஹிதாயாவின் மையத்து அடக்குவதற்குக் கிடைக்கவில்லை. மருதமுனையில் சித்தி லைலாவின் வீடும் அத்திவாரத்தோடு போயிற்று. ஆனால் அவள் அன்று காலை பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, றோட்டுக்கு மேற்கே இருந்த தறிக்கொட்டிலுக்கு மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். அதனால் அந்த நாலு பேரும் மிஞ்சினார்கள்.

மூன்று கட்டைகளை வேறு வேறு கைகள் எறிந்தால்தான் அந்தப் பெருக்கல் சரி. ஒன்றில் விழுவது மற்றதைத் தொடாமல் இருக்க வேண்டும். சாரா நிகழ்ச்சிகள் என்று நாங்கள் படிப்பித்ததும் அதைத்தான். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர்கள் மூன்றாக இருந்தாலும் கரை ஒன்று. கடலைப் பொறுத்தவரையில் மூன்று கட்டைகளையும் பிசின் போட்டு ஒட்டி எறிந்ததுபோல்தான்.

செய்னம்புவின் பழைய வளவுக்குத் தண்ணீர் வரவில்லை. மெயின் றோட்டைத் தாண்டி மேற்கே கொஞ்சத் தூரம் ஏறி நின்றுவிட்டது. வேலி விழவில்லை. அடுப்படியில் அன்று காலை அவர் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பானைகள் அப்படியே இருந்தன. அந்த வளவில் மூன்று வீடு கட்டுவதற்கு இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடந்தது. நான் போனபோது அலியார் சேர் அந்தப் புல்லைப் பார்த்தபடி ஒரு கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை. என்னுடைய வீட்டையும் கடல் கொண்டுபோயிருந்தது, ஆட்கள் மட்டும் தப்பியிருந்தோம். அதைக் கேட்டார், நான் சொன்னேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, அல்லாஹ்வுடைய நாட்டம். அதற்கு அவர் தலையாட்டுவார். மற்றது, ஒரு பிள்ளையாவது மிஞ்சிச்சே. அதைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒன்று என்று எண்ணுவதற்கு அவருடைய பிள்ளைகள் நிறமில்லாத கட்டைகள் அல்ல. றுகையா வேறு, ஹிதாயா வேறு. அது எனக்கு விளங்கியது, வந்தவர்களுக்கு விளங்கவில்லை.

ஓய்வு பெறும் வரை அவர் நிகழ்தகவுப் பாடத்தைத் தொடவில்லை. அந்த அலகு வந்தால் நான் மேல் வகுப்புக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வருவேன். அதிபர் ஏதும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் வீட்டில் நடந்தது. சித்தி லைலாவும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மருதமுனையில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். தாயின் வீடு முறைப்படி இனி அவளுக்கு. கேட்காமலே கொடுக்க வேண்டிய வீடு. நல்ல கல்வீடு, அதில் ஒரு மனிதர் தன்னந்தனியாக இருந்தார். லைலா வருகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. அவள் திரும்பவும் கேட்டாள், திரும்பவும் வேண்டாம் என்றார்.

மிஞ்சியவர்களை எல்லாம் தன்னோடு ஒரே கூரையின் கீழ் வைக்க அவருக்கு முடியவில்லை. அவ்வளவுதான். லைலா அவரைப் பார்க்க வந்தால் ஒரு பிள்ளையை மட்டும் கூட்டி வர வேண்டும், மற்றது தகப்பனோடு மருதமுனையில் நிற்க வேண்டும். கலியாண வீட்டுக்குப் போனால் இரண்டு ஆட்டோ. பெருநாளன்று தானே மருதமுனைக்குப் போவார், வாசலில் நின்று பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவார். தகரத்தின் கீழ் அந்தப் பிள்ளைகளுக்கு வெயில் காலத்தில் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. மகளுக்கு வீடு கொடுக்காத கல்நெஞ்சன் என்று ஊர் கதைத்தது. அந்தக் கதை அவர் காதுக்கும் போயிற்று. அவர் மறுக்கவில்லை.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தி வரும். ஒரு தரம் நேரே கேட்டேன், இந்தக் கணக்கை விடமாட்டீர்களா, ஒரு தரம் பிரித்தது போதாதா என்று. அவர், ஒண்டா வெச்சாலும் பயம், பிரிச்சாலும் பயம், பிரிச்சிட்டா பயத்தையும் கொஞ்சம் பிரிக்கலாம் டீச்சர் என்றார். அதற்குமேல் என்ன ஏசுவது? கிழக்கில் மறுபடி சண்டை மூண்ட நாட்கள் அவை. ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் என்று கேட்டாலே ஊர் அடங்கிவிடும். அவருடைய பயத்துக்கு அந்தக் காலம் தினமும் தீனி போட்டது.

ரெண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது என்று றேடியோ சொன்னது. கல்முனையில் சிலர் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் எவரும் கொளுத்தவில்லை, கடைசிச் சண்டை நடந்த வன்னியில் உறவு இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். அந்தக் கிழமையே சித்தி லைலா என்னிடம் வந்தாள். என்னிடம் படித்த பிள்ளை. முப்பது தாண்டவில்லை, தலையில் நரை. மூன்றாவது பிள்ளை வயிற்றில்.

சண்டை முடிந்துவிட்டது என்று அவள் தகப்பனிடம் போய்ச் சொன்னாளாம். இப்போதாவது வரட்டுமா என்று கேட்டாளாம். அவர், சண்டை ஒரு கட்டைதான் மகள் என்றாராம். இனி அவரிடம் கேட்கமாட்டேன் என்று சொன்னாள். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் புத்தளத்தில் இருக்கிறார்கள், பிள்ளை பிறக்க முன்னம் அங்கே போய்விடப் போகிறோம், இந்தக் கரையே வேண்டாம் என்றாள்.

"உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் கடலோட போனாங்க டீச்சர். வாப்பா மட்டும் கணக்கோட போயிட்டார். அவருக்கு ஒருக்காச் செல்லிப் பாருங்க. உங்கட சொல்லுக்குத்தான் கொஞ்சமாவது நிப்பார்."

லைலா புத்தளம் போனால் அலியார் சேர் அந்த வீட்டில் தனியாகச் செத்துப்போவார். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. லைலாவும் ஆறமாட்டாள். மாலை அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியால் வரும் நேரத்தில் நான் போனேன். அவர் வளவில் விழுந்த தென்னோலைகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். நான் ஏசுவதற்கென்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். லைலா புத்தளம் போகப்போகிறாள் என்று மட்டும் சொன்னேன்.

ஓலையைக் கீழே விட்டார். கதிரையில் இருந்தார். அந்தப் புல் வளர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒரு கணக்குக் கேக்கிறன். செய்னம்பு செல்லக்குள்ள கேட்டு, மூண்டு ஊட்டையும் இந்த வளவுலயே கட்டியிருந்தா?"

நாலரை வருஷமாக அவரைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வியின் விடை தெரியும். மௌலவிக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், லைலாவுக்குத் தெரியும். அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான் எல்லோரும் நாட்டம், விதி, பொறுமை என்று கதைத்தார்கள். என்னாலும் அப்படி ஏதும் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை, விடை கேட்டார். கணக்குப் படிப்பித்த ஒருவர் கணக்குப் படிப்பித்த இன்னொருத்தியிடம் கேட்ட கேள்வி.

"உயிரோட இருந்திருப்பாங்க சேர்" என்றேன். "செய்னம்பும் இருந்திருப்பா. எல்லாரும் இருந்திருப்பாங்க."

அவர் முகத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் கண்டதில்லை, அடக்கம் செய்த மையவாடியில்கூட அழவில்லை என்று சொல்வார்கள். எனக்கும் அழுகை வந்தது. வேலிக்கு அப்பால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் எழும்பிப் போகவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு, இதை ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் தன்மேல் பிழையில்லை என்றே சொன்னார்கள் என்றார். பெருக்கலில் பிழை இல்லை என்று நான் சொன்னேன். மாதிரிவெளிதான் பிழை. நடக்கக்கூடியது எல்லாவற்றையும் முதலில் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவோமே, அந்த எழுத்தில் கடலை நீங்களும் போடவில்லை, நானும் போடவில்லை, இந்தக் கரையில் எவரும் போடவில்லை என்றேன்.

"இன்னும் என்னத்தப் போடாம விட்டிருக்கமோ" என்றார்.

"எனக்குத் தெரியாது சேர். உங்களுக்கும் தெரியாது. அது தெரியாமல் லைலாவ எங்க கொண்டுபோய் வெச்சாலும் கணக்கு வராது. அப்ப அவள் இருக்க விரும்புற இடத்தில இருக்கட்டும்."

நான் அதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அவர் அதை ஒரு நிறுவலைச் சரிபார்ப்பதுபோல் மனதுக்குள் வரிவரியாகப் போட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, லைலா எங்கே இருக்க விரும்புகிறாள் என்று என்னிடம் கேட்டார். கலியாணம் பேசியபோது கேட்கவில்லை, வளவு வாங்கியபோது கேட்கவில்லை, கடல் வந்த பிறகும் கேட்கவில்லை. அதை என்னிடம் கேட்காமல் அவளிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்கு வந்தேன்.

அடுத்த நாள் மருதமுனைக்குப் போனாராம். என்ன கதைத்தார்கள் என்று லைலா எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். லைலா, மாப்பிள்ளை, பிள்ளைகள் இரண்டும், தறிச் சாமான்கள், கோழிக்கூடு. நான் முதலே போய்ச் சோறு ஆக்கி வைத்திருந்தேன்.

அலியார் சேர் வீட்டைக் கூட்டிக் கழுவி, செய்னம்புவின் பெட்டகத்தைத் துடைத்து, சாவியை லைலாவின் கையில் கொடுத்தார். அவருடைய பாயும் தலையணையும் உடுப்புப் பையும் உள்ளே இல்லை. வளவின் மூலையில் விறகு போட்டிருந்த குடிசைக்கு அவற்றைக் கொண்டுபோய் வைத்திருந்தார். மகளுக்கு வீடு கொடுத்த தகப்பன் ஒதுங்குவது எங்கள் பக்கத்து முறைதான், அதில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் அது முறைக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும், லைலாவுக்கும் தெரியும். ஒரு கூரை, இன்னொரு கூரை. கடைசி வரை பிரித்துப் பார்த்தார்.

லைலா குடிசையைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் நின்றாள். சொல்லு பிள்ளை என்று நான் வாயைத் திறக்கப்போனேன், திறக்கவில்லை. அவர் முற்றத்தில் நின்றார். வெயில் அவருடைய தொப்பியில் அடித்தது. வாசல் வரை வந்தார், உள்ளே கால் வைக்கவில்லை.

"மகள், நான் எங்க படுக்கிற?"

"எங்களுக்கு நடுவுல, வாப்பா."

மருமகன் போய்ப் பாயை எடுத்துவந்தார். லைலா அதை வாங்கி, மண்டபத்தில் பிள்ளைகளின் பாய்கள் இரண்டுக்கும் நடுவில் விரித்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.